பனி பெய்யாத நாளில் என்ன செய்வீர்கள்?



பனிச்சறுக்கு விளையாடப் போகலாம் என்று நம்மூர்க் குடும்பம் ஒன்று கிளம்பினால், சுவிட்சர்லாந்து கையைக் கடிக்கும் என்பதால் பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். காஷ்மீரத்துக் குல்மார்க், இல்லாவிட்டால் உத்தராகண்டின் அவுலி. வீட்டுக்குள் உடனே கட்சி பிரிந்துவிடும்.

படங்களை வைத்துப் பார்த்தால் குல்மார்க் சுலபமாக ஜெயித்துவிடும். நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர். குல்மார்க்கின் புல்வெளியே ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் கார் கொங்டோரி வரை ஒரு கட்டம், பிறகு இன்னொரு கட்டம் என்று ஏறி, அபர்வட் மலைத் தோளில் 3,900 மீட்டருக்கும் மேலே இறக்கிவிடும். அவுலியின் சரிவோ 3,050 மீட்டருக்குள் முடிந்துபோகிறது. அப்புறம் என்ன யோசனை?

யோசிக்க வேண்டியது இங்கேதான். அந்த உயரம் யாருக்கு? அபர்வட்டின் மேல்சரிவுகள் பெரும்பாலும் சமன்படுத்தாத, முழங்கால் புதையும் புதுப்பனி. உலகம் முழுவதிலிருந்தும் தேர்ந்த சறுக்கு வீரர்கள் அதைத் தேடித்தான் வருகிறார்கள். பனிச்சரிவு அபாயமும் அங்கேதான். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், அடுத்த பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அந்த மலையில் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். முதன்முதலாகக் காலில் ஸ்கீ கட்டுகிற நமக்கு அங்கே வேலை இல்லை. நமக்கு வாய்ப்பது கீழே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மேடு. 3,900 மீட்டரைப் பார்த்து மயங்கி டிக்கெட் எடுத்தவர், முப்பதடிச் சரிவில் விழுந்து எழுந்துகொண்டிருப்பார். துணி எடுக்கப் போன இடத்தில் பொம்மை மேல் கட்டியிருந்த புடவையைப் பார்த்து மயங்குகிற கதைதான். உடுத்தப்போவது நாம் அல்லவா?

சறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறவருக்கு அவுலி ஏற்ற இடம். கட்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் அங்கே ஏழு நாள், பதினான்கு நாள் பயிற்சிகளை நடத்தி வந்திருக்கிறது. ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி வேகத்தைக் குறைப்பது, விழுந்தால் கம்பை ஊன்றி எழுவது. முதல் சில நாட்கள் இதிலேயே போகும். உடம்பு வலிக்கும். ஆனால் நிமிர்ந்தால் எதிரே நந்தாதேவி, 7,816 மீட்டர்.

சரி, போய்ச் சேர வேண்டாமா? ரிஷிகேஷிலிருந்து, அவுலிக்குக் கீழே இருக்கும் ஊரான ஜோஷிமட் 250 கிலோமீட்டர். முழுக்க மலைப்பாதை, பகல் முழுவதும் போய்விடும். பத்ரிநாத் யாத்திரை போனவர்களுக்கு இந்தச் சாலை தெரிந்திருக்கும். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இந்த ஜோஷிமட்தான் என்பது வைணவர்களில் பலர் கொண்டிருக்கும் கருத்து. அந்த ஊரிலிருந்து அவுலிக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்தில் ரோப்வே ஒன்று ஓடியது. 2023 ஜனவரியில் ஊரே மண்ணில் இறங்கத் தொடங்கி, நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டபோது அதை நிறுத்தினார்கள். சாய்ந்து நின்ற ஓட்டல்களை இடித்தார்கள். பழைய நிலச்சரிவு கொட்டிய மண்ணின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது, கனத்த கட்டடங்களைத் தாங்காது என்று 1976-லேயே மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்திருந்தது. கேட்டவர் யார்? உல்லாசப் பயணி ஒவ்வொருவரும் அந்த மண்ணின் மேல் இன்னொரு மாடிக்குக் காரணமாகிறார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவையும் பேசி முடித்த பிறகு, பனியே பெய்யவில்லை என்றால்?

நடக்காத கதை இல்லை இது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சுழற்சிகள் ஈரத்தைச் சுமந்து வந்தால்தான் இமயத்தில் பனி. வராவிட்டால் வெயில். காஷ்மீரிகள் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளைச் சில்லை கலான் என்பார்கள். ஆண்டின் கடுங்குளிர்க் காலம். 2024-ல் அந்த நாற்பது நாளிலேயே பெரும்பகுதி குல்மார்க் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த அவுலியில் செயற்கைப் பனி பீய்ச்சும் எந்திரங்களும் அதற்கென்றே ஒரு ஏரியும் உண்டு. ஆனால் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காவிட்டால் அந்த எந்திரம் வெறும் தண்ணீர்தான் தெளிக்கும்.

ஆகவே இரண்டு ஊர்களையும் பனியை வைத்து ஒப்பிடாதீர்கள். பனி இல்லாத நாளை வைத்து ஒப்பிடுங்கள். குல்மார்க்கில் ஏமாந்தவர், ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீநகருக்கு இறங்கிவிடலாம். தால் ஏரி இருக்கிறது, மரத்தில் எழுந்த பழைய மசூதிகள் இருக்கின்றன, சங்கராச்சாரியார் குன்று இருக்கிறது. குழந்தைகளும் பெரியவர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள். அவுலியில் ஏமாந்தவருக்கு நடக்கத் தெரிய வேண்டும். மேலே கோர்சன் புல்வெளி வரை காட்டு வழியாக ஏறலாம், மலைகளைப் பார்த்தபடி உட்காரலாம். அது போதும் என்கிறவர் மட்டும் அங்கே போகட்டும்.

என் தீர்ப்பு இதுதான். ஐந்து நாள் லீவு, கூடவே அப்பா அம்மா, பிள்ளைகள் என்றால் குல்மார்க். இதய நோயோ மூச்சிரைப்போ உள்ளவரை இரண்டாம் கட்டக் கேபிள் காரில் மட்டும் ஏற்றாதீர்கள். பலமான காற்றடித்தால் அதை நிறுத்திவிடுவார்கள் என்பதால், மேலே போவதற்கென்று ஒரே ஒரு நாளை ஒதுக்கிவைப்பதும் சரியல்ல. இரண்டு வாரம் கிடைத்து, விழுந்து எழத் தயாராக இருக்கிற இளைஞர் என்றால் அவுலி. எதுவானாலும் அரையாண்டு விடுமுறையைவிடப் பிப்ரவரி தேவலை, பள்ளிக்கூடம்தான் விடாது. முன்பணம் கட்டும் முன் ஓட்டலுக்குப் போன் போட்டு, இன்று தரையில் எத்தனை அங்குலம் பனி கிடக்கிறது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.