செய்தவர், செய்வித்தவர், உடன்பட்டவர்

ஒரு நிறுவனத்தில் பிராடக்ட் மேனேஜர் தம் கையால் எதையும் செய்வதில்லை. நிரல் எழுதுபவர் பொறியாளர். திரையை வரைபவர் வடிவமைப்பாளர். விற்பது விற்பனைப் பிரிவு. பெரும்பாலான இடங்களில் இவர்கள் யாரும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களும் அல்லர். எந்தச் சிக்கலைத் தீர்ப்பது, எதை முதலில் கட்டுவது, எந்த எண் உயர்ந்தால் வெற்றி என்று கொள்வது ஆகியவற்றை எழுதி வைத்து மற்றவர்களை இணங்க வைப்பதே அவர் வேலை. இந்தப் பதவியின் வேரை 1931 மே மாதத்தில் தேடுவது வழக்கம். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்து வந்த நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி ஆள் வேண்டும் என்று கேட்டு மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை மேலிடத்துக்கு அனுப்பினார். சரக்கு எங்கே விலைபோகவில்லை, ஏன் போகவில்லை என்று அந்த ஆள் ஆராய வேண்டும்; திட்டம் வகுக்க வேண்டும்; அதற்கு முழுப் பொறுப்பேற்க வேண்டும். பிற்பாடு அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சரான மெக்கெல்ராய் அந்தக் குறிப்பில் பொறுப்பு என்று சொன்னது விற்பனைக்கான பொறுப்பை. அந்தச் சரக்கினால் தீங்கு விளைந்தால் அது யாருடைய வினை என்ற கேள்வி அதில் எழவில்லை. அந்தக் கேள்விக்கு நிர்வாகவியலைவிடச் சமணம் தெளிவான விடை வைத்திருக்கிறது என்பது என் துணிபு.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் வினைக்கு இடமாகும் செயல்களை வகைப்படுத்தும் முறை வியப்பூட்டுவது. நினைத்தல், வேண்டியதைத் திரட்டுதல், தொடங்குதல் என்று செயலுக்கு மூன்று நிலைகள். மனம், மொழி, மெய் என்று மூன்று வழிகள். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ய உடன்படுதல் என்று மூன்று வகைகள். இவற்றைத் தூண்டும் சினம், செருக்கு, வஞ்சம், பேராசை நான்கு. பெருக்கினால் 108 வருகிறது. இந்த 108இல் ஒருவர் தாமே செய்வதாக எண்ணப்படுபவை 36 மட்டுமே. மீதி 72 செய்விப்பதிலும் உடன்படுவதிலும் அடங்கிவிடுகின்றன. கையில் கறை இல்லை என்பது இந்தக் கணக்கில் தப்பிக்கும் வழியே ஆகாது. நினைத்தல், திரட்டுதல், தொடங்குதல் என்ற வரிசையைப் பார்க்கும்போது, ஒரு யோசனை செய்யவேண்டியவற்றின் பட்டியலான பேக்லாக்கில் ஏறி, ஆட்களும் நேரமும் ஒதுக்கப்பட்டு, ரிலீஸ் ஆகும் பாதை அப்படியே கண்முன் வருகிறது. அந்த மூன்று கட்டங்களிலும் உடனிருப்பவர் பிராடக்ட் மேனேஜர்.

ஃபேஸ்புக்கில் நடந்த ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 2016இல் 'லைக்' பொத்தானுடன் அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் என்று ஐந்து முகக்குறிகள் சேர்க்கப்பட்டன. எந்தப் பதிவை யாருக்கு முதலில் காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்கில், 2017 முதல் ஒரு முகக்குறிக்கு ஐந்து லைக்குகளின் மதிப்பு தரப்பட்டது. கோபக் குறிக்கும் அதே ஐந்துதான். ஆத்திரத்தைக் கிளப்பும் பதிவு இதனால் மேலே ஏறியது. அப்படிப்பட்ட பதிவுகளில் பொய்த் தகவலும் நச்சுப் பேச்சும் அளவுக்கு மீறி இருப்பதை 2019இல் நிறுவனத்தின் சொந்தத் தரவு ஆய்வாளர்களே உறுதி செய்தார்கள். கோபக் குறியின் மதிப்பு பூஜ்யமாக்கப்பட்டது 2020 செப்டம்பரில். 2021இல் வெளியான உள் ஆவணங்களிலிருந்து இவை தெரியவந்தன. ஐந்து என்ற எண்ணைப் போட்டவர் யாரையும் வெறுக்கவில்லை. மக்கள் அதிகம் ஈடுபட வேண்டும் என்றே நினைத்திருப்பார். கொடுத்த எண்ணைப் பொறியாளர் நிரலில் ஏற்றினார். மேலதிகாரி ஈடுபாட்டு வரைபடம் ஏறுவதைப் பார்த்தார். தனித்தனியாக எடுத்தால் எல்லாம் சாதாரண அலுவலக வேலை. தீங்கு மட்டும் கோடிக்கணக்கான திரைகளில் நிகழ்ந்தது.

இங்கே முதல் மறுப்பு எழும்: விளைவை முன்கூட்டி அறிய முடியாதவரை எப்படிக் குற்றம் சொல்வது? நியாயமான மறுப்பு. தத்துவார்த்த சூத்திரமும் உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் வைத்து இம்சையை வரையறுக்கவில்லை. கவனமின்மையால் நேரும் ஊறே இம்சை என்கிறது. பார்த்து நடப்பவர் காலடியில் தற்செயலாக ஓர் எறும்பு இறப்பதும், பாராமல் நடப்பவர் காலடியில் இறப்பதும் அதற்கு ஒன்றல்ல. ஆகவே முன்பே பார்க்கும் வாய்ப்பு இருந்ததா என்பதே கேட்க வேண்டியது. ஃபேஸ்புக்கில் அந்த வாய்ப்பு இருந்தது. கோபத்தைத் தூண்டும் பதிவுகளுக்குச் சாதகம் செய்தால் கெட்ட சரக்குக்குக் கதவு திறக்கும் என்று ஊழியர் ஒருவர் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். அப்படி நேரலாம்தான் என்று சக ஊழியர் பதிலும் எழுதியிருந்தார். வேலை நடந்துகொண்டே இருந்தது. அறியாமை என்று இதைச் சொல்ல முடியாது. அறிந்தும் பாராமல் நடந்ததுதான் இது.

பயனர் தாமாகத்தானே அழுத்துகிறார் என்பது அடுத்த மறுப்பு. பயனருக்கும் பங்கு உண்டு. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் கொன்றவரோடு நிறுத்தாமல், வாங்குவோர் இருப்பதால்தான் விற்போர் இருக்கிறார்கள் என்று தின்பவரிடமும் கணக்குக் கேட்கிறார். ஆனால் வாங்குபவரின் பொறுப்பு விற்பவரின் பொறுப்பைக் குறைத்துவிடாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: நாற்பது பேர் கூடி எடுத்த முடிவில் ஒருவருக்கு நாற்பதில் ஒரு பங்குதானே வரும்? எல்லோரும் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை என்றுதானே ஆகும்? நீதிமன்றங்கள் இந்த இடத்தில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறோம். போயிங் 737 மேக்ஸ் விமானத்தில் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் மென்பொருள் ஒரே ஓர் உணர்கருவியை நம்பி இயங்கியது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் குற்றவியல் விசாரணைக்கு நிறுத்தப்பட்ட தனிநபர் ஒரே ஒருவர். 2022இல் அவரும் விடுதலையானார். சட்டம் ஓர் ஆளைத் தேடுகிறது. அமைப்போ பொறுப்பைப் பல கைகளில் பிரித்து வைத்திருக்கிறது. சமணக் கோட்பாட்டில் இந்தப் பங்குக் கணக்குக்கே இடமில்லை. ஒவ்வோர் உயிரும் தன் எண்ணத்துக்கும் தன் உடன்பாட்டுக்கும் ஏற்ப வினையைக் கட்டிக்கொள்கிறது. பக்கத்தில் இன்னும் முப்பத்தொன்பது பேர் இருப்பது அதை எள்ளளவும் குறைப்பதில்லை. வினையையும் வீடுபேற்றையும் நம்பாதவருக்கும் இது பொருந்தும். தண்டனையைப் பங்கிடலாம், ஒருவர் தெரிந்தே சொன்ன 'சரி'யை எப்படிப் பங்கிடுவது?

அதிகாரமே இல்லாதவர் மீது இவ்வளவு சுமையா என்று கடைசியாகக் கேட்கலாம். கட்டளையிட முடியாதவர் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பொருளின் தேவையை எழுதி, வரிசையை வகுத்து, வெற்றிக்கான எண்ணைத் தேர்ந்து, பலரையும் ஒரு திசையில் திருப்புவது வெறும் பேச்சு ஆகிவிடாது; செய்வித்தல் என்று சமணம் சொல்வது இதைத்தான். உடன்பட மறுப்பதும் அவர் கையில் இருக்கிறது. ஃபேஸ்புக் ஆவணங்களை வெளிக்கொணர்ந்து 2021 அக்டோபர் 5 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்த ஃபிரான்சஸ் ஹாகன் அங்கே பிராடக்ட் மேனேஜராக இருந்தவர். எல்லோரும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. வேலையையும் வீட்டுக் கடனையும் வைத்துக்கொண்டு போகவும் முடியாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்கள் இந்தப் பணியில் இருப்பவரானால், அடுத்த ரிலீஸுக்கு எழுதும் ஆவணத்தில் எந்த எண் உயரும் என்ற வரிக்குக் கீழே, இதனால் யாருக்கு என்ன கெடுதல் வரக்கூடும் என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்குக் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.