கசிவு நின்ற பிறகு

இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் சிறுநீர் கசிகிறது. பிரசவம் கண்ட பெண்கள் பலர் வெளியே சொல்லாமல் சுமக்கும் இந்தத் தொல்லைக்கு அறுவை சிகிச்சை நெடுநாளாகவே உண்டு. 1961இல் அமெரிக்க மருத்துவர் ஜான் பர்ச் எழுதிய முறையில், சிறுநீர்ப்பைக் கழுத்தின் இரு பக்கமும் யோனிச் சுவரை மேலே தூக்கித் தையல் போடுவார்கள். நோயாளியின் தசையுறையிலிருந்தே ஒரு பட்டை எடுத்து, சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் தொட்டில்போலக் கட்டுவது இன்னொன்று.

இரண்டையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் ஐந்தாண்டு முடிவு என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கசிவே இல்லாதவர்கள் பட்டை வைத்தவர்களில் 31 சதவீதம், பர்ச் முறையில் 24 சதவீதம்தான். ஆனால் திருப்தி என்று சொன்னவர்கள் முறையே 83, 73 சதவீதம். நாளெல்லாம் துணி மாற்றிக்கொண்டிருந்தவருக்கு எப்போதாவது ஒரு சொட்டு என்பதே பெரிய விடுதலை. அவர்களையே கேட்டதால்தான் இது தெரிந்தது.

1990களில் ஸ்வீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் கொண்டுவந்த முறை எல்லாவற்றையும் எளிதாக்கியது. சுமார் 1 செ.மீ. அகலத்தில் ஒரு பாலிப்ரோப்பிலீன் வலை நாடா, யோனியில் சிறு கீறல், அரை மணி நேர வேலை. 17 ஆண்டுகள் கழித்து, ஆரம்பத்தில் சிகிச்சை பெற்ற 90 பேரில் பரிசோதிக்க முடிந்தவர்களைப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கசிவில்லை. நல்ல முடிவு, சந்தேகமில்லை.

ஆனால் நாடாவின் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அதுதான் அதன் பலம். வலி வந்தால் முழுதாக எடுக்க முடியாமல் போவதும் அதனால்தான். பிரிட்டனில் உட்கார முடியவில்லை, நடக்க முடியவில்லை, கணவரோடு சேர முடியவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். அந்த வயதில் வருவதுதான், மனசுதான் காரணம் என்று மருத்துவர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2018 ஜூலையில் இங்கிலாந்து இந்த வலை நாடா சிகிச்சையை நிறுத்திவைத்தது. 2020இல் இந்தப் புகார்களை விசாரித்த கம்பர்லெஜ் அம்மையாரின் குழு அறிக்கை தந்தபோது, எத்தனை பெண்களுக்கு வலை வைக்கப்பட்டது என்ற சரியான கணக்கே நாட்டில் இல்லை.

இந்த அறுவை சிகிச்சையே கூடாது என்பது என் கட்சியல்ல. இடுப்புத் தசைப் பயிற்சி செய்து பார்த்தும் தீராதவர்களுக்கு அது வேண்டும். ஆனால் ஆறாவது வாரம் இருமச் சொல்லிப் பார்த்து ஃபைலை மூடுவதை வெற்றி என்று ஏற்க என்னால் முடியவில்லை. பத்தாவது ஆண்டிலும் அந்தப் பெண்ணை அழைத்து, கசிகிறதா என்பதோடு வலிக்கிறதா என்றும் கேட்டு, அவர் சொன்ன பதிலைச் சொன்னபடியே பதிவேட்டில் எழுத வேண்டும்.