தட்டில் தங்குவது

நியூசிலாந்தின் தென்தீவில், குயீன்ஸ்டவுனுக்குப் பக்கத்தில், ஆரோடவுன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே தங்கம் அரிக்கும் தட்டு வாடகைக்குக் கிடைக்கும். வாங்கிக்கொண்டு ஊரை ஒட்டி ஓடும் ஆரோ ஆற்றில் இறங்கிவிடலாம். அனுமதிச் சீட்டு வேண்டாம். பொதுமக்கள் தங்கம் தேடுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஆற்றுப்பகுதி அது. கிடைப்பது கிடைத்தவருக்கே. ஒரே நிபந்தனை, கைக்கருவிகள் மட்டும்தான். மோட்டார் வைத்த எதுவும் கூடாது. விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மலையிலிருந்து வரும் தண்ணீரில் விரல் விறைக்க விறைக்கக் குனிந்து நிற்கின்றன. மாலையில் சிறு குப்பிக்குள் நாலைந்து துகள்கள் மினுங்கினால் அது நல்ல நாள். விற்றால் பெரும்பாலும் தட்டு வாடகைக்கே காணாது. அதனால் யாரும் விற்பதில்லை.

காசு கொடுத்து முதுகு வலிக்க வேலை செய்வதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். கேலிக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வேலை எப்போது விளையாட்டாக மாறுகிறது, மாறும்போது எதைக் கழித்துவிட்டு எதை வைத்துக்கொள்கிறது என்று அந்த ஆற்றங்கரையில் நின்று கேட்டுப் பார்க்கலாம்.

அரிக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. அரிசியில் கல் கிடந்த காலத்தில் வீட்டுக்கு வீடு அரிக்கன் சட்டி இருந்தது. உட்புறம் வரிவரியாக இருக்கும். அரிசியைத் தண்ணீரோடு அலசிச் சாய்த்தால் அரிசி மேலோடு வழிந்து அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். கல் வரியில் தங்கிவிடும். தங்கத் தட்டும் ஏறக்குறைய அதே சட்டிதான். இன்று விற்கும் பிளாஸ்டிக் தட்டுகளின் ஒரு பக்கத்திலும் அதே வரிகள் உண்டு. பாட்டி எதை வாசலில் வீசினாரோ அதை இவர்கள் தேடுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனமானது. ஆற்று மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் மூன்று மடங்குகூட வராது. தட்டை நீருக்குள் அமிழ்த்திப் பக்கவாட்டில் குலுக்கினால் கனத்தது அடிக்கு இறங்கும். கூழாங்கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தட்டைச் சாய்த்து, மேல்மணலை நீரே கொண்டுபோக விட வேண்டும். அவசரக்காரன் தட்டில் ஒன்றும் நிற்காது. கடைசியில் ஒரு சிட்டிகை கருமணல் மிஞ்சும். அதைக் கொஞ்சம் தண்ணீரில் மெல்லச் சுழற்றினால், கருப்பு விலகிய இடத்தில், இருந்தால், மஞ்சள் தெரியும். மின்னுவதெல்லாம் அதுவல்ல. மைக்காவும் மின்னும், கையால் மறைத்து நிழல் கொடுத்தால் அணைந்துவிடும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும்.

அந்தத் துகள் ஆற்றுக்கு வந்த வழி நெடியது. ஒட்டாகோ பகுதியின் மலைகள் ஷிஸ்ட் என்ற அடுக்குப் பாறையால் ஆனவை. அந்தப் பாறைக்குள் ஓடிய குவார்ட்ஸ் நரம்புகளில் பிறந்த தங்கம் இது. பனியுகங்களில் பனியாறுகள் இந்த நிலத்தை இழைத்தன; பக்கத்திலுள்ள வாக்காடிப்பு ஏரியே ஒரு பனியாறு தோண்டிவிட்டுப் போன பள்ளம்தான். ஆனால் பனிக்குத் தரம் பிரிக்கத் தெரியாது. பொன், பாறாங்கல், களிமண் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகச் சுமந்துவந்து, உருகும் இடத்தில் கொட்டிவிடும். பனி கலைத்துப்போட்டதைப் பிரித்து அடுக்கியது தண்ணீர்தான். ஆற்று வளைவின் உட்புறம், பெரும்பாறையின் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்பு என்று வேகம் குறையும் இடங்களில் கனத்ததைக் கீழே போட்டுவிட்டு மற்றதைக் கடலுக்குக் கொண்டுபோனது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆறு செய்த வேலையைத்தான் தட்டு சில நிமிடங்களில் செய்து முடிக்கிறது.

மனிதர்கள் வந்தது கடைசியில். 1861 மே மாதம் கேப்ரியல் ரீட் ஒட்டாகோவின் ஒரு பள்ளத்தில் தங்கம் கண்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹார்ட்லி, ரைலி என்ற இருவர் 87 பவுண்டு எடைத் தங்கத்தை டனீடன் நகரில் கொண்டுவந்து வைத்தார்கள். அதன்பிறகு அந்த மலைப்பள்ளத்தாக்குகளில் தூக்கம் இல்லை. ஆரோ ஆற்றில் தங்கத்தை முதலில் கண்டவர்களில் ஒருவர் ஜாக் டேவா என்ற மாவோரி. ஆட்டுப்பண்ணையில் வேலை பார்த்தவர். மாவோரிகளுக்கு மதிப்பு மிக்கது மஞ்சள் உலோகமல்ல, பச்சைக்கல். தென்தீவுக்கு அவர்கள் வழங்கும் பெயரிலேயே அந்தக் கல் இருக்கிறது. டேவா கண்டார், ஊருக்கு முதலில் ஒட்டிக்கொண்டதோ பின்னால் வந்த வில்லியம் ஃபாக்ஸின் பெயர். 1863 குளிர்காலத்தில் வெள்ளமும் பனிப்பொழிவும் ஆற்றோரக் கூடாரங்களில் இருந்த பலரைக் கொண்டுபோயின. இரண்டே ஆண்டுகளில் மேல்மண் தீர்ந்தது. தென்தீவின் மேற்குக் கடற்கரையில் புதிய தங்கம் என்ற செய்தி வந்ததும் கூட்டம் அங்கே ஓடியது. கடைகள் வெறிச்சோடின.

கடைக்காரர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா தங்க வயல்களில் இருந்த சீனர்களை ஒட்டாகோ வணிகர்கள் அழைத்தார்கள். 1866 முதல் அவர்கள் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் குவாங்டாங் மாகாணத்து உழவர் குடும்பத்து ஆண்கள். வெள்ளைக்காரர்கள் அரித்துவிட்டுப் போன கழிவு மண்ணை அவர்கள் மறுபடி அரித்தார்கள். முதல் கை விட்டதில் இரண்டாம் கைக்குப் பிழைப்பு இருந்தது. ஊர் விளிம்பில், புஷ் ஓடைக் கரையில் கல்லாலும் மண்ணாலும் தகரத்தாலும் சிறு குடிசைகள் கட்டிக்கொண்டார்கள். 1881 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சீன ஆண்கள் 4,995 பேர். பெண்கள் 9 பேர். அந்த இரண்டு எண்களுக்கு இடையில் எத்தனை மனைவிமார் கடலுக்கு அப்பால் காத்திருந்தார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்கவில்லை.

அதே 1881இல் புதிதாக வரும் சீனர் ஒவ்வொருவருக்கும் 10 பவுண்டு தலைவரி விதித்துச் சட்டம் வந்தது. 1896இல் அது 100 பவுண்டு ஆனது. அழைத்தவர்களுக்கும் வரி விதித்தவர்களுக்கும் இடையே பதினைந்தே ஆண்டுகள்தான். அந்த வரிச்சட்டம் 1944இல்தான் நீக்கப்பட்டது. 2002 பிப்ரவரியில் பிரதமர் ஹெலன் கிளார்க் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கேட்டது நல்லதுதான். கேட்கப்பட வேண்டியவர்களில் பெரும்பாலோர் அப்போது கேட்கும் நிலையில் இல்லை.

அவர்களில் சிலர் இறந்த பிறகும் ஊர் போய்ச் சேரவில்லை. எலும்பு சொந்த மண்ணில் சேர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். 1902 அக்டோபரில், தோண்டி எடுத்த 499 பேரின் எச்சங்களை ஏற்றிக்கொண்டு வென்ட்னர் என்ற கப்பல் சீனாவுக்குப் புறப்பட்டது. அவர்களில் பலர் தங்க வயல்களில் உழைத்து மடிந்தவர்கள். இந்த ஏற்பாட்டை முன்னின்று தொடங்கியவர் சோய் சியூ ஹோய் என்ற டனீடன் வணிகர். ஷாட்டோவர் ஆற்றில் தூர்வாரும் எந்திரத்தை இறக்கித் தங்கம் எடுத்துக் காட்டியவர், பெரும் பணக்காரர். அதற்குள் அவரும் இறந்துவிட்டதால் அவருடைய உடலும் அதே கப்பலில் ஏறியது. கப்பல் பாறையில் மோதி, ஹொக்கியாங்கா கரைக்கு அப்பால் மூழ்கியது. எந்திரம் வைத்து அள்ளியவரும் தட்டில் அரித்தவரும் ஒரே ஆழத்தில் தங்கினார்கள். பிறகு அலை கொண்டுவந்து ஒதுக்கிய எலும்புகளை அந்தக் கரையின் மாவோரிகள் எடுத்துத் தங்கள் இடத்திலேயே புதைத்தார்கள் என்று அவர்களுடைய வாய்மொழி வரலாறு சொல்கிறது. யாருடைய எலும்பு என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இந்தக் கதை எதுவும் ஆரோடவுனில் மறைக்கப்படவில்லை. குடிசைகள் செப்பனிடப்பட்டிருக்கின்றன, விளக்கப் பலகைகள் இருக்கின்றன, அருங்காட்சியகமும் இருக்கிறது. தட்டோடு ஆற்றுக்கு வருகிறவர்கள் அங்கும் ஒரு நடை போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லப்படாத வரலாறு என்று யாரும் குறைசொல்ல முடியாது. எல்லாம் சொல்லப்பட்டு, அழகாக அச்சிடப்பட்டு, மதிய உணவுக்கு முன் பார்த்து முடிக்கும் அளவுக்குச் சுருக்கப்பட்டிருக்கிறது.

ஒரு வேலை விளையாட்டாவதற்கு முதல் தகுதி, அதில் இனி யாருடைய வயிறும் இல்லை என்பதுதான். ஆற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட முடிந்ததே அதில் பெரிதாக எடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை என்பதால். கைக்கருவி மட்டும் என்ற விதியையும் யோசித்துப் பாருங்கள். ஆற்றைக் காப்பதற்கு நல்ல விதி. அன்று கைத்தட்டு மட்டும் வைத்திருந்தவன் எந்திரம் வாங்க வழியில்லாதவன். அவனுடைய இல்லாமை இன்று ஒழுங்கு என்ற பெயரில் பலகையில் ஏறியிருக்கிறது.

இதே வேலை விளையாட்டாகாத இடமும் உண்டு; அதற்கு நியூசிலாந்து போக வேண்டாம். கோயம்புத்தூரில் நகைப்பட்டறைகள் நிறைந்த தெருக்களில் சாக்கடை மண்ணை வாரி, அலசி, பொன்துகள் பிரித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அதே குனிதல், அதே சுழற்றல், கனத்தது தங்கும் என்ற அதே விதி. அங்கே யாரும் தட்டை வாடகைக்கு எடுப்பதில்லை. குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடிப்பதில்லை. உயிரோடு இருக்கும் தொழிலுக்கு நாற்றம் உண்டு. செத்த பிறகுதான் அதற்குப் பழமையின் மணம் வருகிறது.

ஆனாலும் ஆரோ ஆற்றில் நிற்பவரை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் குனிந்து நின்றால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், விரல்கள் மரத்துப்போகும். அந்த வலி பலகையில் இல்லாதது. அன்றைக்கும் இன்றைக்கும் பொதுவாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு, நாள் முழுவதும் இப்படி, குளிர்காலத்திலும் இப்படி, கடன் அடைக்க இப்படி என்று ஒருவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தால் தட்டு வாடகை வீண்போகவில்லை.

அவர் நினைக்காமல் விடுவது இன்னொன்று. ஆற்றில் இறங்கும்போது எல்லோருமே ஃபாக்ஸாகத்தான் இறங்குகிறார்கள்: யாரும் தொடாத ஆறு, முதல் கை, பெரும் பொன்கட்டி. ஆனால் அவர் அள்ளும் சரளை முதல் கூட்டம் அரித்துவிட்டுப் போனது. அதைச் சீனர்கள் மறுபடி அரித்தார்கள். போன வாரம் வேறொரு குடும்பம் அதே மண்ணை அலசிவிட்டுப் போயிருக்கும். பிறர் கழித்ததில் தனக்கு ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று குனிந்து தேடுகிறார். ஃபாக்ஸ் இப்படித் தேடவில்லை. இது புஷ் ஓடைக் குடிசையில் இருந்தவரின் வேலை. அவருக்கு அந்தத் துகள் அரிசியாகவும் கடனாகவும், ஊர் திரும்பும் கப்பல் கட்டணமாகவும் இருந்தது. இவர் அதைக் குப்பியில் போட்டு மூடி, தட்டைக் கழுவிக் கடையில் திருப்பிக் கொடுக்கிறார்.