வினையும் நிமித்தமும்

இளங்குழந்தையின் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி கண்டதெனக் கேட்டால், "முன்வினைப் பயன்" என்று கூறி நாம் எளிதில் அகன்றுவிடுகிறோம். அசாதா வேதநீய வினையின் உதயமே நோய் என்பது ஜினாகமம் தரும் விடைதான். ஆயினும் அது பாதி விடையே. வினை உதயமாகப் புறத்தே ஒரு நிமித்தமும் உண்டு. அந்நிமித்தமாக நின்றவர் யார் என்றும் அறம் வினவுகிறது.

1986 ஏப்ரல் 26 அன்று, அந்நாளைய சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது. காற்றில் கலந்த கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, மேய்ந்த பசுவின் பாலில் இறங்கியது. அன்னையர் அன்போடு ஊட்டிய பாலின் வழியே குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் அது சேர்ந்தது. சிறிய சுரப்பியாதலின் கேடு மிகுந்தது. அந்த அயோடின் 8 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. சில வாரங்கள் அப்பாலை விலக்கியிருந்தாலே பெருந்தீங்கு தவிர்ந்திருக்கும். உரிய எச்சரிக்கையோ பல ஊர்களுக்குக் காலத்தில் சென்று சேரவில்லை. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் சில பகுதிகள் ஆகியவற்றில், அப்போது 18 வயது நிரம்பாதிருந்தோருள் 6,000-க்கும் மேற்பட்டோருக்கு 2005-க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டது. அவற்றுள் பெரும்பகுதிக்கு இக்கதிரியக்க அயோடினே காரணமாதல் கூடும் என்பர் அறிஞர். அண்டை நாடான போலந்து, சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் காப்பு மருந்து புகட்டியது. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் குழந்தைகளின் வினை வேறு என்போமா? வேறாயிருந்தவற்றுள் ஒன்று பெரியோரின் விழிப்பு.

பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. நோயுற்ற குழந்தை பழவினையைக் கழிக்கிறது. அசட்டையால் நிமித்தமானவர் புதுவினையை ஈட்டுகிறார். ஒருவர் வினை மற்றவர் குற்றத்துக்கு மறைப்பாகாது.

திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு இங்கே நிலத்தடி நீரைக் கெடுத்தது. தமிழகத் தோல் ஆலைகள் வழக்கில், மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஞ்சு வேறு, அறம் ஒன்றே. பழனிக்கு அருகேயுள்ள ஐவர்மலையில், அடிகள் ஒருவரின் சோற்றுக்குப் பொன் வைத்த செய்தியைக் கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. பிறர் உண்ணும் சோற்றுக்குப் பொறுப்பேற்ற மரபு நம்முடையது. பிறர் குடிக்கும் நீருக்கும் பாலுக்கும் நாம் பொறுப்பிலர் ஆவோமோ?

குழந்தையின் கழுத்தில் கட்டி கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுவோம். குழந்தைகளின் தைராய்டு புற்றுநோய் பெரும்பாலும் குணமாகக் கூடியது. கலங்கி நிற்கும் பெற்றோர்முன் வினையைப் பேசாது, துணையாக நிற்போம். வினைக் கோட்பாடு நம்மை நாமே சோதித்துக்கொள்ளத் தரப்பட்டது. பிறர் துயரை அளப்பதற்கன்று.