மைக்கில் பெயர் வாசிக்காதீர்கள்

ஜூன் பிறந்துவிட்டால் நம்மில் பல பேருக்குக் கருணை சுரக்க ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடம் திறக்கிற மாதமாச்சே! நாலு நண்பர்கள் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டு, நோட்டு, பை, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் வாங்கி, ஏதாவது ஒரு கிராமத்துக்கு வேனில் கிளம்புவோம். நல்ல காரியம். யாரும் குறை சொல்ல முடியாது. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நாம் கொடுக்கிற அந்த ஒரு நிமிஷத்தில், வாங்குகிற பிள்ளை எப்படி நிற்கிறது?

கடமலைக்குண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்தில் வருசநாட்டு மலையை நோக்கிப் போகிற பாதையில், மூல வைகைக் கரையோரத்து ஊர். இலவம்பஞ்சும் கொட்டைமுந்திரியும் விளைகிற பக்கம். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்தால் வெள்ளாமை. வராவிட்டால் கூலி வேலை. விடியும் முன்னே வேலைக்குக் கிளம்பிவிடும் அப்பா அம்மாக்கள் இங்கே நிறைய. நம் உதவி தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதில் சந்தேகமே இல்லை.

அங்கே உங்கள் விழா நடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்து மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வருகிறார். அதுவரை பிள்ளைகள் சாமியானாவுக்கடியில் கைதட்டிப் பழகுகிறார்கள். அப்புறம் மைக்கில் குரல்: "அப்பா இல்லாத பிள்ளைக மட்டும் இந்தப் பக்கம் வாங்க!" ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்திருக்கிறாள். அவளுக்கு அப்பா இல்லை என்பது வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது ஊருக்கே தெரியும். பையின் ஒரு காதை நீங்களும் மறு காதை அவளும் பிடித்துக்கொள்ள, "கேமராவைப் பாரும்மா" என்கிறார் போட்டோகிராபர்.

பை முன்னூறு ரூபாய். அதற்கு அவள் கொடுத்த விலை?

தமிழ்நாட்டில் சத்துணவு சாப்பிடும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு வருஷத்துக்கு 4 செட் சீருடை தருகிறது. சீருடை எதற்கு? யார் வீட்டில் அடுப்பு எரிந்தது, யார் வீட்டில் எரியவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியக்கூடாது என்பதற்காக. சீருடை மூடி வைத்ததை நம் மைக் ஒரே வரியில் திறந்து காட்டிவிடுகிறது.

"அவளை யாரும் வற்புறுத்தலையே" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால், எதிரே ஹெட்மாஸ்டர், பின்னால் அம்மா, பக்கத்தில் நீங்கள். பன்னிரண்டு வயதுப் பெண் எப்படி 'வேண்டாம்' என்பாள்? மறுக்க வழியில்லாதவரிடம் வாங்குகிற சம்மதத்துக்குச் சம்மதம் என்றா பெயர்?

1920-லேயே சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாநகராட்சி பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோது ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியும் பருப்பும்தான் முதலில் உலையில் விழுந்தன. அப்புறம் 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022-ல் காலை உணவு. ஊரார் கொடையாக ஆரம்பித்தது உரிமையாகிவிட்டது. இன்றைக்குத் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளை யாருக்கும் வணக்கம் வைக்க வேண்டியதில்லை. யாருக்கும் அது நன்றிக்கடன் படவும் இல்லை. நூறு வருஷம் நடந்து வந்து சேர்ந்த இடம் இது. அதே பள்ளிக்கூடத்து மைதானத்தில் நாம் ஏன் பின்னால் நடக்க வேண்டும்?

இதற்கு நியாயமான ஒரு பதில் உண்டு. "படம் போட்டால்தான் அடுத்த வருஷம் பணம் வரும். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவருக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா? ஒரு பெண் கூச்சப்படுவதால் நூறு பேருக்கு நோட்டு கிடைக்குமென்றால் அது தப்பா?"

எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை. ஆனால், பி.காம். படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கணக்குக்கு வவுச்சர் போதும், முகம் வேண்டாம். கடை பில், பள்ளியின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் பதிவு, ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்ட ரசீது... முன்னூறு நோட்டு வந்து சேர்ந்ததற்கு இதைவிட என்ன சாட்சி? படம் நிரூபிப்பதெல்லாம் ஒரு பிள்ளை ஒரு நாள் மேடையில் நின்றதை மட்டும்தான். அடுக்கி வைத்த நோட்டுகளைப் படம் எடுங்கள். அதற்குக் கூச்சமே கிடையாது!

பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். ஒருவரைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது உச்சிப்படி. அதற்கு அடுத்தது, கொடுப்பவர் யார் என்று வாங்குபவருக்கும், வாங்குபவர் யார் என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் கொடுப்பது. நம் வள்ளுவரும் ஈகைக்கு ஓர் அதிகாரம் எழுதியதோடு நிறுத்தவில்லை. இரவச்சம் என்று தனியே ஓர் அதிகாரம் வைத்தார். கை நீட்டுகிறவரின் கூச்சத்தை அறியாதவர் அப்படி எழுதியிருக்க முடியாது.

அப்படியானால் தொண்டர்களுக்கு அங்கே என்ன வேலை? ஏராளம். பெட்டி சுமக்கலாம், நோட்டுக்கு அட்டை போடலாம், பந்தியில் பரிமாறலாம், கடைசியில் குப்பை கூட்டலாம். வகுப்புக்குக் கொடுத்தால் வகுப்பு முழுவதற்கும் கொடுக்கலாம். ஒருசில பிள்ளைகளுக்குத்தான் என்றால், வகுப்பு டீச்சர் கையில் ஒப்படைத்துவிடலாம். யாருக்கு எப்போது எப்படிக் கொடுப்பது என்பது அவருக்குத் தெரியும். பிள்ளைகளோடு பேச ஆசையா? நோட்டைக் கொடுத்த பிறகு அல்ல, கொடுக்காமலே போய்ப் பேசுங்கள்.

நாளைக்கு அந்தப் பெண் தேனி பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்க்கிறாள் என்று வையுங்கள். தலையைக் குனிந்துகொள்ளாமல் உங்களைக் கடந்து போக வேண்டும். நீங்கள் யாரென்றே தெரியாமல் போனால் இன்னும் விசேஷம்!