முகம் சுளிக்க வேண்டாம்!



மக்கமா நகரில் ஒரு நாள், குறைஷித் தலைவர்கள் சிலரிடம் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தீனை எடுத்துரைத்துக் கொண்டிருந்தார்கள். இவர்கள் ஈமான் கொண்டால் ஊரே திரும்புமே என்ற ஆவல் அண்ணலாருக்கு. அவ்வேளையில் பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து, தமக்குக் கற்றுத் தருமாறு வேண்டினார்கள். பேச்சு இடையில் அறுபட்டதால் நாயகத்தின் திருமுகம் சற்றே சுருங்கிற்று. அப்போது இறங்கியதுதான் 'அபஸ' என்னும் 80-ஆவது ஸூரா. கற்க நாடி வந்தவரை விட்டுவிட்டு, பொருட்படுத்தாதவர்கள் பக்கம் திரும்பலாகாது என்று வல்ல நாயன் தன் ஹபீபுக்கே உணர்த்தினான்.

இதில் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. வந்தவருக்கோ பார்வை இல்லை. முகம் சுருங்கியதை அவர்கள் கண்டிருக்கவே முடியாது. ஆயினும் அல்லாஹ் அதை விட்டுவிடவில்லை. அப்படியானால், தாயும் பிள்ளையும் கண்ணாரக் காணும்படி நாம் சுளிக்கிறோமே முகம், அதற்கு நாளை என்ன பதில் சொல்லப் போகிறோம்?

நமது மங்கலம்பேட்டையில் ஸுப்ஹுக்குப் பின் பிள்ளைகள் குர்ஆனை மார்போடு அணைத்துக்கொண்டு மக்தபுக்கு ஓடுவதைக் காண்கிறோம். சற்று நேரத்தில் அதே பிள்ளைகள் புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். திண்ணையில் அமர்ந்தபடி அவர்களையே பார்த்துக் கொண்டிருக்கும் ஒரு பிள்ளையையும் காண்கிறோம். கால் நடக்க வராத பிள்ளை அது. அதன் தாய் நம்மிடம் சொன்னார்: "பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனியாகப் பள்ளி இருக்கும், அங்கே போங்கள் என்றார்கள். மக்தபிலாவது விடலாமென்று பார்த்தால், படியேற முடியாதே என்றார்கள்." குறையை வெளியே மட்டும் தேடுவானேன்? நம் மக்தபின் படியும் அந்தப் பிள்ளைக்கு உயரமாகத்தான் இருந்திருக்கிறது.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள் நாம் அறிந்தவை. சூளையைப் பிரித்ததும் கீறல் விழுந்த சாமானைத் தனியே ஒதுக்குவார்கள். அது வியாபாரம். மனிதனையும் மண்ணிலிருந்தே படைத்ததாக அருள்மறை கூறுகிறது. ஆனால் இந்த மண்ணை வனைந்தவன் பிழை செய்யாதவன். அவன் வனைந்ததை ஒதுக்கி வைக்க நாம் யார்?

"மார்க்கமே இவர்களுக்குச் சலுகை தந்திருக்கிறதே" என்பார் சிலர். உண்மைதான். குருடர் மீதும் முடவர் மீதும் குற்றமில்லை என்று திருமறை சொல்கிறது. ஆனால் அது அவர்களின் சிரமத்தைக் குறைக்க வந்த சலுகை; அவர்களை விலக்கி வைக்க நமக்குக் கிடைத்த அனுமதியல்ல. கைபிடித்து அழைத்துவர ஆளில்லை என்று பார்வையற்ற ஒருவர் வீட்டில் தொழ அனுமதி கேட்டார். முதலில் அனுமதித்த நாயகம் (ஸல்) அவர்கள், பாங்கோசை கேட்கிறதா என்று வினவினார்கள். ஆம் என்றதும், அப்படியானால் வாரும் என்றார்கள். ஜமாஅத்தின் ஸஃப்பில் அவருக்கும் இடம் உண்டு என்பதல்லவா அதன் பொருள்? இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களோ மதீனாவில் பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்லும் பணியில் இருந்தார்கள். நாயகம் (ஸல்) வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இன்று இதையே சொல்கிறது. அது தானாக வந்துவிடவில்லை. அலிகரில் 1965-ல் பிறந்த ஜாவேத் ஆபிதி சக்கர நாற்காலியில் இருந்தவாறே நாடெங்கும் இதற்காகக் குரல் கொடுத்தவர். அவரும் அவரைப் போன்றோரும் 1995 டிசம்பரில் தில்லியில் பாராளுமன்றத்தின் முன் திரண்டு நின்றார்கள். அந்த மாதமே முதல் சட்டம் நிறைவேறிற்று. ஆபிதி 2018-ல் காலமானார். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அரசு நடத்துகின்ற, அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடின்றி இப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டடம் அவர்கள் வந்து போக ஏற்றதாக இருக்க வேண்டும். பார்வையற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்கும் பொருந்திய முறையில் கற்பிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அது அண்டைப் பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பது விருப்பத்தைப் பொறுத்தது. சிறப்புப் பள்ளிகளின் தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. விரும்பிப் போவது வேறு; வாசலில் தடுக்கப்பட்டுப் போவது வேறு.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள். அவன் உங்கள் பாவத்தின் கூலியல்ல, அல்லாஹ்வின் அமானிதம். வட்டார வள மையத்தை அணுகுங்கள். அங்கே சிறப்பாசிரியர்களும் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் பெற்று வையுங்கள். பொதுத் தேர்வில் சொல்வதை எழுத ஆளும், கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம். பள்ளியில் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களே, அந்தத் தாய் தனியே போனால் திருப்பி அனுப்புவார்கள். முத்தவல்லியும் இரண்டு பெரியவர்களும் உடன் போனால் உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். பிச்சை கேட்கப் போகவில்லை, உரிமை கேட்கப் போகிறோம் என்ற நிமிர்வோடு செல்லுங்கள். அதற்கு முன், நம் மக்தபின் படியருகே ஒரு சாய்தளம் கட்டி முடியுங்கள். சில மூட்டை சிமெண்டும் கொத்தனாரின் சில நாள் கூலியும்தானே! நம் வாசலைத் திறக்காமல் பிறர் வாசலைத் தட்டுவது முறையாகாது.

தேடி வரும் எந்தப் பிள்ளையிடமும் முகம் சுளிக்காத கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.