ஒரு முகமும் பல கண்களும்

எதைக் கற்பது, யாரிடம் கற்பது, எவ்வளவு கொடுத்துக் கற்பது என்ற மூன்று கேள்விகளை எல்லாரும் கேட்கிறார்கள். எத்தனை பேரோடு சேர்ந்து கற்பது என்ற நான்காவது கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்கிறவர்களும் அதை வசதியைப் பற்றிய கேள்வியாகவே கேட்கிறார்கள். நெருக்கடி இல்லாமல் இருக்குமா, ஆசிரியர் நம்மைக் கவனிப்பாரா என்பதோடு அது முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தர்மப் பிரச்னை ஒளிந்துகொண்டிருக்கிறது.

என் தங்கை மகனுக்குப் புகைப்படக் கலையில் தீராத மோகம். அவன் ஒரு நாள் இரண்டு அறிவிப்புகளைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். இரண்டும் செட்டிநாட்டில் நடக்கவிருந்த பயிற்சி முகாம்கள். இரண்டிலும் ஒரு நாள் குன்றக்குடியில், தைமாதக் காவடிகள் கூடும் நேரத்தில், படமெடுக்கும் பயிற்சி. ஒன்றில் 24 பேர். மற்றதில் 6 பேர். ஆறு பேர் முகாமுக்குக் கட்டணம் மூன்று மடங்கு. “எதில் சேரட்டும், மாமா?” என்று கேட்டான்.

முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். காமிராவைப் பற்றிய பாடத்தில் ஒரு பகுதியை ஐந்நூறு பேருக்கும் ஒரே மண்டபத்தில் சொல்லிவிடலாம். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால் வெளிச்சம் குறையும், ஆனால் அருகில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் தெளிவாக விழும். கதவு திறந்து மூடும் நேரம் நீண்டால் அசைகிற பொருள் கலங்கிப் போகும். இவற்றைச் சொல்லக் கரும்பலகை போதும். ஆனால், “நீ ஏன் இங்கே நின்றாய்? இரண்டு அடி தள்ளி ஏன் நிற்கவில்லை? அந்த முகம் திரும்பும் வரை ஏன் காத்திருக்கவில்லை?” என்று கேட்பதற்கு ஆசிரியர் மாணவனின் தோளோடு தோளாக நிற்க வேண்டும். காலையில் சாய்ந்து விழும் நல்ல வெளிச்சம் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 90 நிமிஷம். அதை 24 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நான்கு நிமிஷம்கூட இல்லை. ஆறு பேருக்குப் பங்கிட்டால் கால் மணி நேரம். கணக்கு ஆறு பேர் முகாமின் பக்கம்தான் பேசுகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சங்கடம் உண்டு. மூன்று மடங்கு கட்டணம் கொடுக்க முடிந்தவனுக்கு மட்டுமே ஆசிரியரின் கால் மணி நேரம் கிடைக்கும் என்றால், பழைய காமிரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வருகிற ஏழை வீட்டுப் பையன் எங்கே போவான்? சிறிய வகுப்பு நல்லது என்று சொல்லும்போது, அது யாருக்கு நல்லது என்றும் கேட்டாக வேண்டும்.

இந்தச் சங்கடத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய தீர்வு இருந்தது. 1822-இல் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்தின் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் காணப்படுகிறார்கள். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள். ஒரு திண்ணையின் நீள அகலமே அந்த எண்ணிக்கைக்கு எல்லை போட்டிருக்கும். அந்தப் பதினைந்து பேரையும் வாத்தியார் ஒருவரே கட்டி மேய்க்கவில்லை. முன்னே படித்த பையன் சட்டாம்பிள்ளையாகி, பின்னே வந்தவனுக்கு மணலில் எழுத்தைக் காட்டிக் கொடுத்தான்.

இந்த முறையைக் கண்டு வியந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்தியவர் அவர். மணலில் எழுதுவதையும், பிள்ளைக்குப் பிள்ளையே ஆசிரியனாவதையும் தம் பள்ளியில் கையாண்டு பார்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அங்கே போன பிறகு, ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கும் யந்திரமாக அது மாறியது. செலவு குறைந்தது, பாடம் வெறும் ஒப்பிப்பாயிற்று. திண்ணையின் பலம் சட்டாம்பிள்ளையிடம் மட்டும் இல்லை; ஒவ்வொரு பையனின் முகமும் வாத்தியாருக்குத் தெரிந்திருந்ததிலும் இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் கப்பலேற்றினால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே பலர் சேர்ந்து கற்பதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஒருவன் காணத் தவறியதை மற்றவன் கண்டிருப்பான். மாலையில் எல்லாருடைய படங்களையும் பரப்பி வைத்துப் பேசும்போது, ஆறு பேர் பார்வையைவிட இருபத்து நான்கு பேர் பார்வை வளமானது.

இதுவரை சொன்னது கற்கிறவனின் பக்கத்து நியாயம். இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை அறியக் குன்றக்குடிக்கே போக வேண்டும்.

காரைக்குடியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டர் போனால் அந்தச் சிறு குன்று தெரியும். மயிலின் உருவம் கொண்டது என்று அதற்கு மயூரகிரி என்றும் பெயர். அடிவாரத்தில் முற்காலப் பாண்டியர் காலக் குடைவரைகள். உச்சியில் ஆறு முகங்களோடு மயில் மீது அமர்ந்திருக்கும் சண்முகநாதர். தைப்பூசத்துக்கு முன்னால் நகரத்தார் காவடிகள் இந்த ஊரில் வந்து கூடி, இங்கிருந்து பழனிக்குக் கால்நடையாகப் புறப்படுவது பல தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். பங்குனி உத்திரத்திலும் ஊர் காவடிகளால் நிறையும்.

காவடி சுமக்கிறவர் யார்? குழந்தைக்கு வந்த நோய் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவராக இருக்கலாம். முறிந்துபோன குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்று நேர்ந்துகொண்டவராக இருக்கலாம். அவருக்கும் முருகனுக்கும் நடுவே ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அதைத் தீர்க்க வந்திருக்கிறார். குன்றின் மேலே பன்னிரண்டு கண்களோடு ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவருடைய நம்பிக்கை. அந்தப் பார்வைக்காகவே அவர் படியேறுகிறார்.

இப்போது அவரைச் சுற்றி இருபத்து நான்கு காமிராக்கள் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். ஒருவர் முன்னால் ஓடிப் பின்பக்கமாக நடக்கிறார். ஒருவர் தரையில் மண்டியிடுகிறார். ஒருவர் கண்ணீர் வழியும் கன்னத்துக்கு அரை முழத்தில் லென்ஸை நீட்டுகிறார். எல்லாரும் நல்லவர்கள். கலையை நேசிக்கிறவர்கள். ஆனாலும் அங்கே ஏதோ தவறு நடக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. அது என்ன?

“திருவிழா என்றால் ஆயிரம் பேர் பார்க்கத்தானே செய்வார்கள்? தெரு எல்லாருக்கும் பொது அல்லவா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஆயிரம் பேரும் அரோகரா என்று கூடக் குரல் கொடுக்கிறார்கள், வழி விடுகிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள். அவர்கள் கண் அவருக்குத் துணை. காமிராக் கூட்டத்தின் கண்ணோ அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறது.

எடுத்துக்கொண்டு போவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1950-ஆம் ஆண்டு ஏப்ரலில், திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களை ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் படமெடுத்தார். அந்த முகம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. செட்டிநாட்டு வீடுகளுக்குப் போனால் முகப்பிலும் வளவிலும் வரிசையாக மாட்டியிருக்கும் பழைய படங்களைக் காணலாம். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், நகை பூண்ட ஆச்சிமார்கள். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்ட ஒரே ஒரு புகைப்படக்காரருக்காக, நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்தவர்கள் அவர்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போயிருக்கலாம்.

இங்கேதான் எண்ணிக்கையின் தர்மம் இருக்கிறது. ஒருவர் காமிராவைத் தூக்கினால், எதிரே நிற்பவர் தலையை அசைத்து ‘வேண்டாம்’ என்று சொல்லலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இருவர், மூவர் என்றாலும் சொல்லிவிடலாம். இருபத்து நான்கு பேரிடம் எப்படிச் சொல்வார்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு கண்ணாடி விழி இருக்கிறதே! மறுப்பதற்கு அவருக்கு இருந்த சக்தியை வெறும் எண்ணிக்கையே பறித்துவிடுகிறது. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. ஆனாலும் அவர் வற்புறுத்தப்படுகிறார்.

அதோடு இன்னொன்றும் நிகழ்கிறது. தனியாகப் போகிறவனுக்கு வெட்கம் உண்டு. ‘எடுக்கலாமா?’ என்று கண்ணாலாவது கேட்பான். கூட்டத்தோடு போகிறவன் தன் வெட்கத்தை இருபத்து நான்கு பங்காக்கிவிடுகிறான். ‘எல்லாரும்தானே எடுக்கிறார்கள்’ என்ற ஒரு வாக்கியம் அவன் மனச்சாட்சிக்குத் தாலாட்டாகிவிடுகிறது.

கதை எழுதுகிறவர்களும் மனிதர்களின் முகங்களைத் திருடுகிறவர்கள்தானே என்று வாசகர்கள் சிரிக்கக்கூடும். உண்மைதான். ஆனால் எங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஒருவரின் நெற்றியை இன்னொருவரின் குரலோடு சேர்த்து, ஊரையும் பேரையும் மாற்றிவிடுகிறோம். காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அது எடுத்த முகம் அவர் முகமேதான். ஆயிரம் கைத்தொலைபேசிகளில் போனாலும் அவர் முகமேதான். அதனால் அதைக் கையில் வைத்திருப்பவனுக்குக் கூடுதல் கூச்சம் வேண்டியிருக்கிறது.

ஆகவே தங்கை மகனிடம் ஆறு என்றும் சொல்லவில்லை, இருபத்து நான்கு என்றும் சொல்லவில்லை. “எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று கேட்காதே. ஒரு மனிதர் முன்னால் ஒரே நேரத்தில் எத்தனை பேரை நிறுத்துவார்கள் என்று கேள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் சேர்” என்றேன். 24 பேரையும் மும்மூன்று பேராகப் பிரித்து, வேறு வேறு தெருக்களுக்கு அனுப்பி, ஒவ்வொரு குழுவுக்கும் முன்பே பயின்ற ஒருவரைச் சட்டாம்பிள்ளையாகப் போட்டு, மாலையில் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுகிற முகாம் இருந்தால் அது உயர்ந்தது. கட்டணமும் குறைவு. ஆறு பேரும் ஒரே கிழவியின் முகத்தை வளைத்துக்கொள்ளும் முகாம், கட்டணம் எத்தனை மடங்கானாலும் தாழ்ந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வருகிறாரா, எடுத்த படத்தை எடுக்கப்பட்டவருக்குக் காட்டவாவது செய்கிறார்களா என்றும் விசாரிக்கச் சொன்னேன்.

எதிரே இருப்பது எது என்பதைப் பொறுத்தே எண்ணிக்கை சரியாகவோ தவறாகவோ ஆகிறது. குன்றை நூறு பேர் படமெடுத்தாலும் குன்றுக்கு நோகாது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் பெரிய காமிராவைச் சுமந்துகொண்டு மதுரைக் கோபுரத்தையும் தஞ்சைக் கோபுரத்தையும் படமெடுத்தார். அவை அப்படியே நின்றுகொண்டிருக்கின்றன. குடைவரைக்குள் நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளிச்சத்தை மறைப்பார். வேண்டுதலோடு வரும் மனிதர் முன்னால் ஒருவரே போதும். சில வேளைகளில் அந்த ஒருவரும் அதிகம்.

இது காமிராவுக்கு மட்டும் உரிய கணக்கு இல்லை. நோயாளியின் படுக்கையைச் சுற்றி எத்தனை பேர் நிற்கலாம், பெண் பார்க்க எத்தனை பேர் போகலாம், கடன்பட்டவன் வீட்டு வாசலுக்கு எத்தனை பேரை அழைத்துக்கொண்டு போகலாம் என்பவையெல்லாம் இதே கேள்விதான். நான்கு பேர் கூடிப் போனால் நமக்குத் தைரியம் வருகிறது. அந்தத் தைரியம் எதிரே இருப்பவரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை நாம் கவனிப்பதில்லை. எத்தனை பேராகப் போவது என்று தீர்மானிக்கும்போது, நம்மில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், எதிரே இருப்பவர் ‘முடியாது’ என்று சொல்ல இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தை அடைத்துக்கொண்டு கற்கும் கலையில் கைத்திறமை வேண்டுமானால் வளரலாம், பார்வை வளராது.